பிசின்கடை அக்கா

அந்த அக்காவிடம் போய் நிலாவில் முளைத்த மரத்துப் பிசின் வேண்டும் என்று கேட்டாலும், "இருக்கு, நாளைக்கு வந்துரும்" என்பார். சொல்லிவிட்டு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்ப்பார். அது எங்கே கிடைக்கும் என்று இனி நான்தான் அலைய வேண்டும் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

மதுரையில் கீழமாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அவருடைய கடை. இரண்டு கையையும் விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் தட்டும். சுவரை ஒட்டி மூட்டைகள். ஒன்றில் கருவேலம் பிசின், கருப்பட்டிப் பாகு உறைந்த மாதிரி. ஒன்றில் வெள்ளைப் பிசின், உடைந்த கண்ணாடி மாதிரி. ஒன்றில் பாதாம் பிசின், தேன் நிறத்தில் கூழாங்கற்கள் மாதிரி. மதியம் வெயில் சாய்ந்து உள்ளே விழும்போது கடையே ஜொலிக்கும். வாங்க வராதவர்கள்கூட ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

நான் அப்போது திருப்பூரில் சாயப்பட்டறை வேலை போய், சேலத்தில் லாரி செட் வேலையும் போய், மதுரைக்கு வந்து இறங்கியிருந்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அந்த எட்டாவதும் பாதிதான். பஸ் ஸ்டாண்டில் படுத்திருந்தேன். செருப்பைத் தலைக்கு வைத்துப் படுத்ததால் செருப்பு மட்டும் மிச்சம். பை போய்விட்டது. காலையில் ஒரு டீயைக் குடித்துவிட்டுக் கடை கடையாக வேலை கேட்டு வந்தேன். எல்லாரும் இல்லை என்றார்கள். இந்த அக்கா, நான் கேட்டு முடிப்பதற்குள் "இருக்கு" என்றார்.

இடது பக்கம் இருந்த மூட்டைகளை வலது பக்கம் அடுக்கச் சொன்னார். அடுக்கினேன். மத்தியானம் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். சாயங்காலம், வலது பக்கத்தில் ஓதம் ஏறுகிறது, பழையபடி இடது பக்கமே அடுக்கிவிடு என்றார். மறுநாளும் இதே கதை. சந்து முனையில் சுமை தூக்குகிற அண்ணன் ஒருவர் என்னைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"மாப்ள, அந்தக் கடையில வேலையே கிடையாது. அவுகளுக்கு இல்லைன்னு சொல்ல வராது. அம்புட்டுதான். நீ பாட்டுக்கு அடுக்கு."

அக்கா அதற்கு முன்னால் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்தவர். லீவு கேட்டு வந்த டீச்சர்களுக்கெல்லாம் "இருக்கு" என்று சொல்லியிருக்கிறார். ஒரு நாள் காலையில் மணி அடித்தபோது பாதி வகுப்புக்கு டீச்சர் இல்லை. ஹெட்மாஸ்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாராம். அதற்குப் பிறகுதான் அப்பா விட்டுப்போன பிசின் கடைக்கு வந்து உட்கார்ந்தார். கல்யாணம் ஆகவில்லை. ஐம்பது வயதை ஒட்டியிருந்தார். பெண் பார்க்க வந்தவர்களுக்கு அவர் இல்லை என்று சொல்லியிருக்க மாட்டார் என்பதால், அவர்கள்தான் சொல்லியிருக்க வேண்டும்.

மூட்டையை எத்தனை நாள்தான் மாற்றி அடுக்குவது? எனக்கென்று ஒரு வேலையை அவரே உண்டாக்கினார். ஒரு பழைய மொபெட்டைக் கொடுத்து, ஊர் ஊராகப் போய்க் கருவேலம் பிசின் வாங்கி வரச் சொன்னார். அதுவரை நான் பார்த்ததில் ஆக நல்ல வேலை அதுதான். வாடிப்பட்டிப் பக்கமும் திருமங்கலத்துக்குத் தெற்கேயும் தண்ணீர் வற்றிய கண்மாய்களுக்குள் கருவேல மரங்கள் நிற்கும். கோடையில் பட்டை வெடித்த இடத்தில் பிசின் வழிந்து, உருண்டு, காய்ந்து தொங்கும். ஆடு மேய்க்கும் பெண்கள் அதைக் கிள்ளி முந்தானையில் முடிந்து வைத்திருப்பார்கள். நான் ஸ்பிரிங் தராசில் கட்டி எடை போடுவேன். டயர் பஞ்சரானால் தள்ளிக்கொண்டே வருவேன். பசித்தால் மூட்டையிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் ஒதுக்கிக்கொள்வேன். ருசி ஒன்றும் கிடையாது. ஆனால் வாய்க்கு வேலை இருப்பதால் வயிறு கொஞ்ச நேரம் ஏமாந்து கிடக்கும்.

கடைக்கு வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் பொழுது போவதே தெரியாது. பன்னீர் சோடா போடுகிறவர் எசன்ஸ் மேலே மிதக்காமல் கலந்து நிற்பதற்குப் பிசின் கேட்பார். சேலையில் அச்சுப் போடுகிறவர்கள் சாயம் பரவாமல் இருக்க வாங்குவார்கள். பட்டாசுக்காரர்கள், மாத்திரை செய்கிறவர்கள், கவர் ஒட்டுகிறவர்கள். மருமகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, நெய்யில் பொரித்து லட்டு பிடிக்க வேண்டும் என்று சேட்டு வீட்டம்மா வருவார். கோடை வந்தால் ஜிகர்தண்டாக் கடைக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். எல்லாருக்கும் "இருக்கு"தான்.

ஒரு தடவை வாடிப்பட்டிப் பக்கத்துக் கருப்பசாமி கோயில் பூசாரி வந்தார். சாமிக்கு வெள்ளியில் மீசை செய்து போட்டிருக்கிறார்களாம். மெழுகு வைத்து ஒட்டினால் சித்திரை வெயிலுக்கு இளகி, மீசை வாய்க்குக் கீழே இறங்கிவிடுகிறதாம்.

"பாக்குறவன் சிரிக்கிறான்மா. சாமி என்னையப் பாக்குற பார்வையே சரியில்ல. நிக்கிற மாதிரி ஏதாச்சும் இருக்கா?"

"இருக்கு" என்றார் அக்கா. கழுத்தில் ஜெபமாலை தொங்க, அன்று முழுக்க கருப்பசாமி மீசைக்காகக் கிண்ணத்தில் பிசின் கரைத்துக்கொண்டிருந்தார். என் மேலுதட்டில் ஒரு தகரத் துண்டை ஒட்டி வெயிலில் நிற்க வைத்துச் சோதனை வேறு. தகரம் நின்றது. நான்தான் மயக்கம் போட்டு உட்கார்ந்தேன். கோயிலிலும் மீசை நின்றது. மறுநாள் அபிஷேகத் தண்ணீர் பட்டதும் தானாகக் கழன்று தட்டில் விழுந்ததாம். பூசாரி ஒரு சேவலோடு வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

இன்னொரு நாள் ஒரு பெண் வந்து, யாரும் கேட்காதபடி குனிந்து, "எங்க வீட்டுக்காரரு பொழுது சாஞ்சா வீடு தங்க மாட்டேங்கிறாரு. அதுக்கு ஏதும் பிசின் இருக்காக்கா?" என்றாள். நான் திரும்பிக்கொண்டேன். அக்கா அசரவில்லை. பாதாம் பிசினைப் பொட்டலம் கட்டி, ஊற வைத்துப் பாலும் நன்னாரியும் ஊற்றி, தினமும் ஆறு மணிக்கு மட்டும் கொடு, ஆறே காலுக்குக் கேட்டால் தராதே என்று சொல்லி அனுப்பினார். கொஞ்ச நாளில் அவள் திரும்பி வந்து சண்டை போட்டாள்.

"ஆறு மணிக்கு டாண்ணு வந்துர்றாருக்கா. ஆனா கூட நாலு பேரையும் கூட்டிட்டு வாராரு. நான் என்ன வீடா நடத்துறேன், ஜிகர்தண்டாக் கடையா நடத்துறேன்?"

அந்தச் சமயத்தில்தான் வாத்தியார் வர ஆரம்பித்தார். ரிட்டையரான வாத்தியார், மனைவி இறந்து பல வருஷம் ஆனவர். கிறிஸ்துமஸ் நட்சத்திரம் செய்வார். விற்பதில்லை, சும்மா கொடுப்பார். மூங்கில் குச்சியில் கலர்த் தாள் ஒட்டுவதற்குக் கருவேலம் பிசின் வாங்க டிசம்பரில் வந்தார். ஜனவரியில் வந்தார். பங்குனியில் வந்தார். சித்திரையில் வேர்த்து வழிய வந்து, "நட்சத்திரத்துக்குக் கொஞ்சம் பிசின்" என்றார்.

சுமை தூக்குகிற அண்ணன் என் காதில், "சித்திரை மாசத்துல எவன்டா ஸ்டாரு ஒட்டுவான்? வாத்தியாரு வேற எதையோ ஒட்டப் பாக்குறாரு" என்றார்.

அது ஒரு சனிக்கிழமை. வாத்தியார் பொட்டலத்தை வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றார். தராசைப் பார்த்து, மூட்டையைப் பார்த்து, என்னைப் பார்த்து, கடைசியில் சொன்னார். "டீச்சராவே இருந்து பழகிட்டேன். கேள்வி கேக்குறது ஒண்ணும் கஷ்டமில்லை. இது மட்டும் வர மாட்டேங்குது. நம்ம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிறதுல உங்களுக்கு விருப்பம் இருக்கா?"

"இருக்கு" என்றார் அக்கா.

பழக்கத்தில் சொன்னதா, யோசித்துச் சொன்னதா என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியவில்லை. அக்காவுக்கே தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. தராசுத் தட்டில் இருந்த கல்லை எடுத்துக் கீழே வைத்தார். கையைச் சேலையில் துடைத்தார். வாத்தியாரை நேராகப் பார்த்து, இந்தத் தடவை நிதானமாக, "இருக்குங்க சார்" என்றார். வாத்தியார் பொட்டலத்தைக் கடையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அக்காவுக்கு ஓர் அண்ணன். ஆனையூரில் வீடு. அவருக்கும் பள்ளிக்கூட ஆபீசில்தான் வேலை. சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. பேச்சிலும் இருக்காது. செய்தி தெரிந்து கடைக்கு வந்தார். உட்காரவில்லை.

"இந்த வயசுல இது என்ன? நான் பள்ளிக்கூடத்துல தலை காட்ட வேணாமா? அந்த ஆள்ட்ட வேணாம்னு சொல்லிரு."

அக்கா சோடாவை உடைத்து நீட்டினார். "மொத குடிண்ணே."

"சொல்லுவியா, மாட்டியா?"

"மாட்டேண்ணே."

சந்தில் போய்க்கொண்டிருந்த தள்ளுவண்டிகூட நின்ற மாதிரி இருந்தது எனக்கு. அந்த அக்கா வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதே இல்லை. அண்ணனும் கேட்டதில்லை போல. சோடாவைக் கையில் வைத்துக்கொண்டு, வேறு யாராவது பேசினார்களா என்று சுற்றிப் பார்த்தார்.

"அப்ப நான் கோயிலுக்கு வர மாட்டேன். உன் கையைப் பிடிச்சு எவன் கூட்டிட்டுப் போறான்னு பாக்குறேன்."

அவர் போன பிறகு அக்கா வெகுநேரம் ஒரே பொட்டலத்தைக் கட்டிக் கட்டிப் பிரித்தார். "அப்பா இல்லாத பிள்ளையைப் பீடம் வரைக்கும் அண்ணன்தான் கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும், தம்பி. அவன் வரலைன்னா நான் ஒத்தையில நடக்கணும். நடந்துருவேன். ஆனா காலு என்ன செய்யும்னு தெரியல" என்றார்.

கத்தோலிக்கக் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று சாமியார் படிப்பார். அக்கா வீடு திருநகர், கோயிலும் அங்கேதான். மூன்றாவது ஞாயிறு பூசைக்கு அண்ணன் ஆனையூரிலிருந்து வந்து நடுவில் உட்கார்ந்திருந்தார். சாமியார் அக்கா பெயரைப் படிக்கத் தொடங்கினார். அண்ணன் எழுந்தார். கோயிலே அவரைப் பார்த்தது. வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். அண்ணன் நேராகச் சுவர்ப் பக்கம் போய், கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்த ஃபேனை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். பெயர் சரியாகக் காதில் விழவில்லையாம். சாமியார் மறுபடி முதலிலிருந்து படித்தார். பூசை முடிந்ததும், "கல்யாணத்துக்கு வர மாட்டேன்" என்று வாசலில் நாலு பேரிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

கல்யாணச் சாப்பாட்டோடு ஜிகர்தண்டாவும் உண்டா என்று கேட்ட எல்லாரிடமும் அக்கா "இருக்கு" என்று சொல்லியிருந்தார். பிசின் மூட்டையாக வருமா என்று சமையல்காரர் கேட்டதற்கும் "இருக்கு." அதனால் முதல்நாளே ஒரு முழு மூட்டைப் பாதாம் பிசின் கோயிலை ஒட்டிய மண்டபத்துக்கு வந்து சேர்ந்தது. தேவைப்பட்டதோ இரண்டு படி. சமையல்காரர் சாயங்காலம் அதை அளந்து ஒரு டப்பில் ஊறப் போட்டுவிட்டு, பால் சொல்வதற்குப் போனார். நான் நாற்காலி இறக்கப் போனேன்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை, அதாவது வாத்தியார், ஒத்தாசை செய்ய வந்திருக்கிறார். டப்புக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார். அடியில் கொஞ்சம் கூழாங்கல் கிடக்கிறது. முந்நூறு பேருக்கு இது எப்படிக் காணும்? முந்நூறு பேருக்கு அரிசி என்றால் ஒரு மூட்டைக்குக் குறையாது. அப்படியென்றால் பிசினும் அப்படித்தானே. நாளைக்குப் பாதியில் தீர்ந்துபோனால் அண்ணன் வீட்டுச் சொந்தக்காரர்கள் முன்னால் அவளுக்கு அல்லவா கேவலம். அவர் ஜிகர்தண்டா குடித்திருக்கிறார், பிசினை ஊற வைத்ததில்லை. சமையலுக்கென்று தண்ணீர் பிடித்து வைத்திருந்த டிரம், அண்டா, டப் எல்லாவற்றிலும் மூட்டையைப் பிரித்துக் கொட்டி, மூடியும் போட்டுவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. அன்பாகச் செய்ததைச் சொல்லிக்காட்டக் கூடாதாம்.

காலையில் மண்டபத்துக் கதவைத் திறந்தோம். மூடிகளெல்லாம் மேலே தூக்கிக்கொண்டு நின்றன. டிரம்மிலிருந்து பிசின் பொங்கி, கண்ணாடிக் குன்று மாதிரி குலுங்கியது. அண்டாவிலிருந்து வழிந்து தரையில் உட்கார்ந்திருந்தது. சமையல்காரர் ஒரு கால் வைத்தார், மறு கால் வைக்காமலே வாசல் வரை வழுக்கிப் போய்விட்டார். அரிசி களைய ஒரு சொம்புத் தண்ணீர் கிடையாது, எல்லாத் தண்ணீரையும் பிசின் குடித்துவிட்டது. குழாயில் அன்றைக்குத் தண்ணீர் வரும் நாளும் இல்லை. சோறு வடிக்க அண்டாவும் கிடையாது.

தலையில் பாதிப் பூவோடு அக்கா ஓடி வந்தார். பார்த்தார். வாத்தியார் ஒரு மூலையில், பெயிலான பையன் மாதிரி நின்றார்.

"பத்தாதோன்னு நெனச்சேன்" என்றார்.

அக்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார். மிச்சப் பூவும் உதிர்ந்தது. சிரிப்பு எங்களுக்கும் தொற்றிவிட்டது. சமையல்காரர் மட்டும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "சிரிங்க. பத்து மணிக்கு முந்நூறு பேரும் வந்து சிரிப்பாக" என்றார்.

லாரித் தண்ணீருக்குச் சொல்லியாயிற்று. பெரிய அண்டாதான் வேண்டும். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மாவோட அண்டா மூணும் அண்ணன் வீட்டுல இருக்கு" என்றார். பிறகு, "நீ போயிக் கேளு தம்பி. நான் கேட்டதாச் சொல்லாத" என்றார்.

ஒரு குட்டி வேனைப் பிடித்துக்கொண்டு ஆனையூருக்குப் போனேன். அண்ணன் பனியனோடு அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தார். முகம் வழித்திருந்தது. தேய்த்த வெள்ளைச் சட்டை நாற்காலி முதுகில் மாட்டியிருந்தது. அவர் மனைவி பட்டுச்சேலையில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"விடியறதுக்கு முன்னாடியே குளிச்சாச்சு" என்றார் அந்த அம்மா என்னிடம். "எங்கன்னு கேட்டா எங்கயும் இல்லைங்கிறாரு. நானும் எங்கயும் போகாம இருக்கத்தான் பட்டுக் கட்டியிருக்கேன்."

நான் விஷயத்தைச் சொன்னேன். மூட்டை முழுக்கவா என்று அண்ணன் இரண்டு முறை கேட்டார். வாத்தியாரே கொட்டினாரா என்று கேட்டபோது உதட்டை உள்ளே மடித்துக்கொண்டார்.

"அண்டாவைச் சும்மா தூக்கிக் குடுக்க முடியாது" என்றார். "ஈயம் பூசினது. சமையல்காரன் கரண்டியப் போட்டுச் சொரண்டிருவான். பொறுப்பான ஆளு ஒண்ணு கூட இருக்கணும்."

"யாரு வரணும்ணே?"

"யாரு வருவா? நானே வாரேன். அண்டாவுக்காகத்தான்."

வேனில் முன்னால் இடம் இருந்தும் மனைவியை அங்கே ஏற்றிவிட்டு, பின்னால் அண்டாக்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார். மண்டபத்துக்குள் வந்ததும் யாரையும் பார்க்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு, முதல் அண்டாவைச் சோற்றுக்கு ஏற்றினார். இரண்டாவது அண்டாவில் பாலை ஊற்றி, முழங்கை வரை கையை விட்டுப் பிசினைக் கலக்கினார். வீணாவது அவருக்குப் பிடிக்காது. மிச்சப் பிசினை வாளி வாளியாக ரோட்டுக்கு அனுப்பினார். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள், டயர்கடைக்காரர்கள், ஆஸ்பத்திரி நர்சுகள், எல்லார் கையிலும் ஒரு டம்ளர். திருமங்கலம் பஸ் டிரைவர் ஜன்னல் வழியாக வாங்கிக் குடித்துவிட்டு, "யாரு வீட்டுக் கல்யாணம்ணே?" என்று கேட்டார். "எங்க வீட்டுக் கல்யாணம்தான்" என்று அண்ணன் பதில் சொன்னதை நான் கேட்டேன்.

மணி அடித்தது. அக்கா கோயில் வாசலில் தனியாக நின்றுகொண்டிருந்தார். அண்ணன் கையை உதறிக்கொண்டே நடந்து போய்ப் பக்கத்தில் நின்றார். அவர் கையை நீட்டினார், அக்கா பிடித்தார். கடைசி பெஞ்சில் இருந்த நான் அவர்கள் என்னைத் தாண்டியபோது பேசியதை மட்டும் கேட்டேன்.

"என்னண்ணே, கை வழுக்குது?"

"பிசின்னா வழுக்கத்தான் செய்யும். அதான் இறுக்கிப் பிடிச்சிருக்கேன், நட."

பந்தி முடிந்து எல்லாரும் கிளம்பியபோது அண்ணன் அண்டாக்களைத் தேய்த்துக் கவிழ்த்து, வாத்தியார் வீட்டு முற்றத்தில் வைத்தார். நாளைக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். மறுநாள் வந்தார். காப்பி குடித்தார். வாத்தியாரோடு கொஞ்ச நேரம் சண்டை போட்டார். வேன் கிடைக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று போனார். ஞாயிற்றுக்கிழமையும் வந்தார், மீன் குழம்பு சாப்பிட்டார், அண்டா அங்கேயே இருந்தது. நோன்புக்கு வந்தார், ஈஸ்டருக்கு வந்தார். ஒவ்வொரு தடவையும் வாசலிலேயே, "அண்டா எடுக்க வந்தேன்" என்றுதான் ஆரம்பிப்பார்.

எனக்கு ஓர் இடத்தில் கால் தங்காது. மதுரையை விட்டுக் கிளம்புகிற வாரம், போகும் முன் ஓர் உபகாரம் செய்வோம் என்று அக்காவிடம் கேட்டேன். "ஆனையூர் வழியாத்தான் போறேன்க்கா. வேன் இருக்கு. அந்த அண்டாவ அண்ணன் வீட்டுல இறக்கிட்டுப் போயிரவா?"

அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அதுல கை வச்ச, காலை ஒடிச்சிருவேன்" என்றார்.